தலைகீழாகக் கிடந்த பேட்டரிக்கட்டை

கரண்ட் போனால் எங்கள் கணபதிப் பகுதியில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் 'ஓ'வென்று கூச்சல் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அவரவருக்கு ஒதுக்கிய இடத்தில் போய் நிற்க வேண்டும். அண்ணனுக்குக் கூடத்து ஜன்னலோரம். எனக்குச் சமையலறை நிலைப்படி. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். அப்பாவின் தங்கையான அத்தைக்குப் பின்னறை. அப்பாவுக்கு என்று ஓர் இடம் கிடையாது. நாங்கள் சரியாக நிற்கிறோமா என்று அவர் எல்லா இடத்துக்கும் வந்து பார்ப்பார்.

ஒவ்வோர் இடத்திலும் ஆணியில் ஒரு டார்ச் லைட் தொங்கும். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே இருக்கும் இரண்டு பேட்டரிக்கட்டைகளில் ஒன்றை அப்பா தலைகீழாகத் திருப்பிப் போட்டு வைத்திருப்பார். அப்படிப் போட்டால் யாராவது தெரியாமல் பொத்தானைத் தள்ளிவிட்டாலும் லைட் எரியாது, கட்டையும் தீராது, வேண்டிய நேரத்தில் புதுசாக இருக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் வேண்டிய நேரம் என்பது இருட்டு. இருட்டில் பின்மூடியைத் திருகிக் கழற்றி, கட்டையின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, ஒன்றைத் திருப்பிப் போட்டு, மறுபடி மூட வேண்டும். அண்ணன் கட்டையைக் கை நழுவவிட்டு, அது கட்டிலுக்கடியில் உருண்டோடி, அதைத் தேடுவதற்கு இன்னொரு டார்ச் தேவைப்பட்ட கதை எங்கள் வீட்டில் அடிக்கடி நடந்தது.

இந்தத் திறமையை வளர்ப்பதற்காக சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒத்திகை வைப்பார் அப்பா. சொல்லாமல் கொள்ளாமல் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவார். நாங்கள் ஓடிப்போய் நின்று, கட்டையைத் திருப்பி, லைட்டை எரியவைத்துக் காட்ட வேண்டும். "ஏனுங்க, கரண்டு ஆபீஸ்காரங்க நிறுத்தறது போதாதுன்னு நீங்க வேற நிறுத்தறீங்களா? தோசை கருகுதுங்க" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒத்திகையில் ஒரு நாளும் முகம் சுளிக்காதவர் அத்தை மட்டும்தான். அவருக்கு அந்த விளையாட்டு பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தையின் பொறுப்பில் இருந்தது சாதாரண டார்ச் அல்ல, எமர்ஜென்சி லைட். அப்பா மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தார். பழைய கார் பேட்டரி ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு குட்டை டியூப் லைட்டைப் பொருத்தி அவரே செய்தது அது. ஒரு ஆள் மூச்சுப் பிடித்துத்தான் தூக்க முடியும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், க்ளிப்பில் பூக்கிற பச்சைத் துருவைச் சுரண்டுவதும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. எங்கள் வீட்டுச் சாமிப்படங்களை இவ்வளவு பக்தியோடு யாரும் துடைத்ததில்லை. அது எரிந்தால் கூடமே வெள்ளையாகிவிடும். தெருவில் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் ஜன்னலைப் பார்த்து, "பொழுது கெளம்பலீன்னாலும் இவங்க ஊட்டுல வெளிச்சம் இருக்குமுங்க" என்று சொல்வார்கள். அப்பா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

வீட்டுக்கு மட்டுமல்ல, ரோட்டுக்கும் தனி ஏற்பாடு இருந்தது. அவருடைய ஸ்கூட்டரின் முன்பெட்டியில் ஸ்பேர் பல்பு, பீஸ் கம்பி, முதலைவாய் க்ளிப் வைத்த நீளமான வயரில் ஒரு கைவிளக்கு, சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய டார்ச் எல்லாம் இருக்கும். டிபன் டப்பாவுக்கு இடமிருக்காது. அதை நான் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இத்தனை இருந்த வீட்டில் இல்லாத ஒன்று சீமெண்ணெய் விளக்கு. அரிக்கேன், சிம்னி எதுவும் கிடையாது. ரேஷனில் போடுகிற சீமெண்ணெயை அம்மா வாங்கி, கடையிலிருந்து நேராகப் பக்கத்து வீட்டில் ஊற்றிவிட்டு வெறும் கேனோடு வருவார். அந்த வாடை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. வாடை பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள்தானே. எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, அதுபோல இது என்று விட்டுவிட்டேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தார். நல்ல உயரம், நல்ல குரல். இடது காதுக்குக் கீழே தொடங்கி, தாடையோரமாக இறங்கி, கழுத்துவரை தோல் சுருங்கி நிறம் மாறியிருக்கும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் எனக்கு அது சுவரில் இருக்கும் நாட்காட்டி போல, இருப்பதே தெரியாத ஒன்று. ஒருமுறை கேட்டதற்கு, "சிறுத்தையோட சண்டை போட்டேன் கண்ணு. அது இன்னும் காட்டுல அழுதுட்டிருக்குது" என்றார். அம்மாவிடம் கேட்டதற்கு "பொறந்த மச்சம், போய்ப் படி" என்றார். சிறுத்தைதான் நம்பும்படியாக இருந்தது.

அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஜாதகமெல்லாம் பார்த்துப் பொருந்தி, நேரில் வந்து, பலகாரம் சாப்பிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு, "ஜாதகம் சரியா ஒத்து வரலீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். கிளம்பும்போது பொருந்தியிருந்த ஜாதகம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்ததும் எப்படிக் கெட்டுப்போகிறது என்று எனக்குப் புரிந்ததில்லை. அப்படி யாராவது வந்துபோன அடுத்த நாளெல்லாம் அப்பா பட்டறைக்குப் போக மாட்டார். டார்ச்சுகளையெல்லாம் இறக்கிப் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருந்த பெரியப்பாவுக்கு, அதாவது அப்பாவின் அண்ணனுக்கு, இந்த முறை விடக்கூடாது என்று வைராக்கியம். அவர் பக்கத்து ஊரிலிருந்தே ஒரு வரன் கொண்டுவந்தார். அது கோடைகாலம். எங்கள் பகுதிக்கு தினமும் மாலை ஆறரைக்குப் போகிற கரண்ட் ஏழரைக்குத்தான் வரும். பெரியப்பா வந்து நாட்காட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமையில் கௌரி நல்ல நேரம் ஆறரையிலிருந்து ஏழரை என்று போட்டிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பஞ்சாங்கமும் கரண்ட் ஆபீஸும் இப்படி ஒத்துப்போவது லேசில் நடக்கிற காரியமா?

அவர் ஏற்பாடு இதுதான். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கரண்ட் இருக்காது. குத்துவிளக்கு மட்டும் எரியும். அத்தை தன் வலது கன்னம் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரியும்படி உட்கார வேண்டும். மங்கல வெளிச்சத்தில் பார்த்துப் பூவும் வைத்துவிட்டுப் போய்விட்டால், பிறகு பேச்சு மாறுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் அழகல்ல.

"அந்த டியூப் லைட்டை மட்டும் போட்டுப்போடாதே, சொல்லிப்போட்டேன்" என்றார் அப்பாவிடம்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ என்ன சொல்றாளோங்க" என்றார் மெதுவாக.

"அவளக் கேக்கறதுக்கு என்ன இருக்குது? ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கண்ணாலம் பண்ணோணும்னு பெரியவங்க சொல்லியிருக்கறாங்க. நாம ஒரு பொய்யும் சொல்லலையே. கரண்டு போறதுக்கு நாமளா பொறுப்பு?"

வாழ்நாளெல்லாம் இருட்டோடு சண்டை போட்ட மனிதர் எழுந்தார். பின்னறைக்குப் போய், எமர்ஜென்சி லைட்டின் பேட்டரியிலிருந்து க்ளிப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். ஒத்திகையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குக் கரண்ட் சொன்ன சொல் தவறாமல் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார்தான் வரவில்லை. குத்துவிளக்கு எரிந்தது, பஜ்ஜி ஆறியது, பெரியப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்போது மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பையன் ஓடிவந்து, போன் வந்ததாகச் சொன்னான். கிளம்ப நேரமாகிவிட்டதாம். ஈச்சனாரி தாண்டியதும் காரின் முன்விளக்கு இரண்டும் அணைந்துவிட்டதாம். இருட்டிக்கொண்டு வருகிறது, லாரிகள் வருகிற ரோட்டில் விளக்கில்லாமல் ஓட்டப் பயமாக இருக்கிறது, ஒரு டீக்கடை ஓரமாக நிற்கிறோம் என்று சொன்னார்களாம்.

அப்பாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். சிவப்பு டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அண்ணனைப் பெரியப்பா நாற்காலி தூக்க வைத்திருந்தார். அதனால் நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பட்டுப்பாவாடையோடு எமர்ஜென்சிக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஈச்சனாரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு அம்பாசடர் கார் ஓரமாக நின்றது. உள்ளே ஒரு அம்மாவும் ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பேன்ட் சட்டையில் ஒருவர் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாப்பிள்ளை என்று பார்த்ததுமே தெரிந்தது, ஏனென்றால் அவர் மட்டும்தான் பவுடர் போட்டிருந்தார். அப்பா கைவிளக்கின் க்ளிப்பைக் கார் பேட்டரியில் மாட்டி வெளிச்சத்தை உண்டாக்கிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

என்னைக் காருக்குப் பின்னால் நிறுத்தி, வருகிற வண்டிகளுக்குத் தெரியும்படி சிவப்பு டார்ச்சைக் காட்டச் சொன்னார். நான் பொத்தானைத் தள்ளினேன், எரியவில்லை. மாப்பிள்ளை என் பக்கமாக வந்து, "கட்டை தீந்துபோச்சா அம்மணி?" என்றார்.

"இல்லீங்க. ஒண்ணு தலைகீழா இருக்குதுங்க. எங்க ஊட்ல எல்லா லைட்டும் இப்படித்தானுங்க" என்று சொல்லி, பின்மூடியைக் கழற்றித் திருப்பிப் போட்டுக் காட்டினேன். சிவப்பாக எரிந்தது. அவர் அதை வாங்கி, கழற்றி, திருப்பிப் போட்டு அணைத்து, மறுபடி திருப்பிப் போட்டு எரியவைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒரு லாரி வந்தபோது என் தோளைப் பிடித்து ரோட்டைவிட்டு உள்ளே நகர்த்தினார். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, "உங்க அத்தை எப்படிக் கண்ணு?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். "எங்க ஊட்டுல எமர்ஜென்சி லைட்டு அத்தை பொறுப்புங்க" என்றேன். என் அகராதியில் அதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

பீஸ் கம்பி எரிந்துபோயிருந்தது, வேறொன்றுமில்லை. அப்பா புதுக் கம்பி சுற்றியதும் முன்விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. நாங்கள் ஸ்கூட்டரில் முன்னால் வழிகாட்ட, அவர்கள் பின்னால் வந்தார்கள். உக்கடம் தாண்டி ஊருக்குள் நுழையும்போதே அப்பாவின் முதுகு விறைத்ததை உணர்ந்தேன். ஏழரை தாண்டிவிட்டிருந்தது. கணபதி முழுக்கக் கரண்ட் வந்து தெருவிளக்கெல்லாம் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது.

பெரியப்பா வாசலிலேயே நின்று, "வாங்க வாங்க, இங்க மட்டும் ஒரு பேஸ் போயிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பேஸ் போனால் ஒரு வீடு மட்டும் எப்படி அணையும் என்று கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அப்பா. அவர் முன்சுவரில் இருந்த மெயின் பெட்டியைப் பார்த்தார். பீஸ் கம்பி சுற்றிய வெள்ளைப் பீங்கான் கட்டை, அதாவது பீஸ் கேரியர், இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த வாய் போலக் காலியாக இருந்தது. எந்தப் பழுதையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாத மனிதர். அன்று மட்டும் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

குத்துவிளக்கைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். நல்ல நேரம் முடிந்துவிட்டதைப் பற்றி மாப்பிள்ளையின் அப்பா இழுத்தார். அதே சமயத்தில் சுவரில் ஒரு பல்லி கத்தியது. "பாருங்க, கவுளியே நல்ல பக்கம் சொல்லிருச்சு" என்றார் பெரியப்பா. பல்லி எந்தப் பக்கம் கத்தியது என்பது அந்த இருட்டில் பல்லிக்கே தெரிந்திருக்காது.

அம்மா கண் காட்ட, அத்தை காப்பித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். நிலைப்படியில் என் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார். அங்கே ஒரு படி இறங்க வேண்டும், வெளிச்சம் அந்த இடம்வரை எட்டவில்லை. மாப்பிள்ளை தலைக்கு மேலே ஜன்னலோரத்து ஆணியில் டார்ச் தொங்கியது. அவர் அதை எடுத்தார். பொத்தானைத் தள்ளிப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் பின்மூடியைக் கழற்றினார், கட்டையைத் திருப்பிப் போட்டார், மூடினார். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

பெரியப்பா மூச்சை இழுத்துப் பிடித்தார். ஆனால் வெளிச்சம் அத்தையின் முகத்துக்குப் போகவில்லை. மாப்பிள்ளை அதைத் தரையில் அடித்தார், அத்தையின் காலடியில். "படி இருக்குதுங்க. பாத்து வாங்க" என்றார்.

அத்தை படியிறங்கி வந்து எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். விளக்கருகே அவருக்காகப் போட்டிருந்த பாயில் உட்காரவில்லை. "ஒரு நிமிசமுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார். கரண்ட் இல்லாதபோது அவர் போக வேண்டிய இடம் அதுதானே என்று எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் தோன்றவில்லை. ஸ்விட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது.

"அண்ணா" என்று உள்ளேயிருந்து அத்தை அப்பாவைக் கூப்பிடுகிற குரல் வந்தது. "க்ளிப்பு கழட்டியிருக்குதுங்க."

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். தன் அண்ணன் சொல்லைத் தட்டி அப்பா எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அன்று எழுந்தார். அவரைத் தடுப்பதற்காகப் பெரியப்பாவும் அவசரமாக எழுந்தார். எழுந்த வேகத்தில் அவருடைய வேட்டி மடிப்பிலிருந்து வெள்ளையாக ஒன்று 'டக்'கென்று தரையில் விழுந்து, மாப்பிள்ளையின் அம்மா காலடிக்குப் போய் நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவரால் ஒரு பீஸ் கேரியரை மடியில் மறைக்க முடியவில்லை.

பின்னறையில் ஒரு துடிப்புத் துடித்து, பளீரென்று டியூப் எரிந்தது. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்து ஸ்டூலில் வைத்தார். சுவரைப் பார்த்தபடிதான் வைத்தார். அத்தை வந்து அதைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். இடது கன்னத்தின் மேல் முழு வெளிச்சமும் விழும்படி உட்கார்ந்து, தலையை நிமிர்த்தினார். அவருடைய கை மட்டும் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் அத்தை அழகாக இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. இதை யாரிடமாவது சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நன்றாகப் பார்த்தார். "என்னாச்சுங்க அம்மணி?" என்று கேட்டார்.

"சின்னதுல சிம்னி விளக்குங்க. எரிஞ்சிட்டிருக்கறப்பவே சீமெண்ணெய் ஊத்தி, பத்திக்கிச்சுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிறுத்தையும் பொய், மச்சமும் பொய்.

"அட சாமி! எரியற விளக்குல யாரு ஊத்துனது?"

அப்பா குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த க்ளிப்பை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"நானேதானுங்க" என்றார் அத்தை.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் அதைக் கவனித்தேன், ஏனென்றால் க்ளிப்பிலிருந்து கையை எடுக்காமலே பார்த்தார். டியூப் மங்குகிறதோ என்று கவலைப்படுகிறார் என்று நினைத்து நானும் டியூபைப் பார்த்தேன். நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பெருமூச்சு விட்டார். குனிந்து, காலடியில் கிடந்த பீஸ் கேரியரை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவிடம் நீட்டினார். "அவ்வளவுதானுங்களா? தெருவெல்லாம் கரண்டு இருக்குது, இங்க மட்டும் இல்லீன்னதும், பில்லு கட்டாம பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்களோன்னு நானுங்கூட பயந்துட்டேன். இதெல்லாம் ஒரு விசயமுங்களா?"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அப்புறம் அத்தை சிரித்தார். பெரியப்பா கேரியரை வாங்கிக்கொண்டு போய் அவர் கையாலேயே மாட்டினார். வீட்டில் இருந்த எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. ஆறிப்போன பஜ்ஜியை அம்மா மறுபடியும் சட்டியில் போடப் போனார்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. இந்த முறை ஜாதகம் கெடவில்லை. அத்தை செய்த காரியத்தைப் பெரியப்பா கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு, தன் யோசனையால்தான் கல்யாணம் கூடியது என்று சொல்ல ஆரம்பித்து, கடைசிவரை அப்படியே சொன்னார். அந்தக் கல்யாணத்துக்காக அவர் சொல்லத் தயாராக இருந்த ஆயிரம் பொய்களுக்கு வேலையே வரவில்லை. பேஸ் போன கதை பிடிபட்டது போக, மொத்தத்தில் நின்றது ஒரே ஒரு பொய்தான். அதுவும் பொய் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னார். "ஊத்துனது உங்கப்பாதான். விளக்கு மங்கலா எரியுதுன்னு, அணைக்காமயே ஊத்திப்போட்டாரு. அப்ப அவருக்கு, உங்கத்தை கண்ணாலத்தப்ப உன்ற அண்ணன் இருந்தானே, அந்த ஒசரங்கூட இருக்காது. அவ அந்த வெளிச்சத்துல ஒக்காந்து சிலேட்டுல எழுதிட்டிருந்தா." அதைப் பற்றி அப்பாவும் அத்தையும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லையாம். வீட்டிலும் யாரும் பேசக்கூடாதாம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயம் என்றார். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மெயினை இறக்கிவிட்டு, முதலில் அவர் போய் எட்டிப்பார்க்கிற இடம் எப்போதும் பின்னறையாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் கல்யாணத்தன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. முகூர்த்தம், சீர், சாப்பாடு எல்லாம் முடிந்து, அத்தையை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற நேரம். பித்தளைக் குடம், பீரோ, கட்டில் எல்லாம் டெம்போவில் ஏறிவிட்டன. அதே அம்பாசடரில் அத்தை ஏறி உட்கார்ந்திருந்தார். அப்பா ஜன்னலருகே வந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு புது டார்ச்சை எடுத்து அத்தை கையில் கொடுத்தார்.

நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டி அதை வாங்கி, பின்மூடியைக் கழற்றி, விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். இரண்டு கட்டைகளும் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நேராக இருந்தன.

"அப்பா! திருப்பிப் போட மறந்துட்டீங்க" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் கண்டுபிடித்த முதல் தப்பு அது. ஒன்றைத் திருப்பிப் போடப் போனேன். அப்பா என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி, அவரே மூடியைத் திருகினார்.

"அது அப்படியே இருக்கட்டுங் கண்ணு" என்றார்.

அத்தை அதை வாங்கிப் பொத்தானைத் தள்ளினார். பட்டப்பகலில், தள்ளிய உடனே எரிந்தது. அவர் அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். கார் கிளம்பியது.

திரும்பி வரும்போது வேனில் அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒரே குதூகலம். அப்பாவும் மறக்கிற ஆள்தான், அப்பாவும் மறக்கிற ஆள்தான் என்று கணபதி வந்து சேரும்வரை அண்ணன் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.